பேரும் ஊரும் சொல்லி

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்றாட்டு நேரம் வந்ததும் ஒருவர் முன்னால் போய் நின்று தாளைப் பார்த்து வாசிப்பார். திருத்தந்தைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காக, மழைக்காக, பங்கில் உள்ள நோயாளிகளுக்காக. அந்த வரிசையில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ, உலகெங்கும் விசுவாசத்துக்காகத் துன்புறும் கிறிஸ்தவர்களுக்காக என்று ஒரு வரி வரும். நாமும் பதில் சொல்லிவிட்டு அடுத்த மன்றாட்டுக்குப் போய்விடுவோம். பூசை முடிந்து செருப்பு மாட்டும்போது அந்த வரி யார் நினைவிலும் இருக்காது.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்தச் செபத்தைப் பேரும் ஊரும் சொல்லிச் செய்ய வேண்டும். எங்கள் ஊர் சிவன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினால், பேர் என்ன, நட்சத்திரம் என்ன, ராசி என்ன என்று கேட்காமல் குருக்கள் ஆரம்பிக்க மாட்டார். யாருக்காக என்று தெரிந்த பிறகுதான் கை பூவை எடுக்கும். நாம் ‘உலகெங்கும்’ என்று சொல்லும்போது மனசில் ஒரு முகமாவது வருகிறதா? எனக்குப் பல வருஷம் வந்ததில்லை.

எங்கள் ஊரான திருமலைராயன்பட்டினத்தில் கிறிஸ்தவனாக இருக்கத் தைரியம் எதுவும் வேண்டியதில்லை. வடக்கே காரைக்காலில் தேற்றரவு அன்னை கோயில் மணி. தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர் தர்கா மினாராக்கள். மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் பட்டினச்சேரி கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்; மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று மீனவர்கள் கொண்டாடுவார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி, சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுப்பவர்களில் கிறிஸ்தவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள்.

இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு எங்கேயோ அடிபடுகிறவர்களைப் பற்றிப் பேசினால், சிலருக்குப் பிடிப்பதில்லை. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஓர் அக்கா நேராகவே கேட்டார்: “நமக்கு இங்க ஒரு கொறையும் இல்லையே தம்பி. எதுக்கு அதையெல்லாம் இழுத்துப் பேசணும்? இருக்குற மனசும் கெட்டுப்போவும்.” அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பயத்தையும் சந்தேகத்தையும் பரப்பத்தான் இந்தப் பேச்சு என்றால் பேசாமலிருப்பதே நல்லது. ஆனால் அடிபடுகிறவனுக்குச் செபிக்கக்கூட மூச்சு இருப்பதில்லை. தொந்தரவு இல்லாத இடத்தில் இருப்பவனிடம்தான் நேரம் இருக்கிறது, பாய் விரித்து உட்கார இடம் இருக்கிறது. எபிரெயருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரம் சிறையில் இருப்பவர்களை நினைக்கச் சொல்லும்போது, அவர்களோடு நீங்களும் கட்டப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் சொல்கிறது. வேலை நமக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதோடு, இது எங்கேயோ நடக்கிற சமாச்சாரமும் இல்லை. நம் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரைப் பாருங்கள். அங்கே பட்டிம் என்ற ஊர் மக்கள், முத்துக்குளித்துறையில் இருந்த பிரான்சிஸ் சவேரியாரை அழைத்தார்கள். அவர் தன்னால் போக முடியாமல் ஒரு குருவை அனுப்பினார், அவரிடம் ஞானஸ்நானம் வாங்கினார்கள். 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி படையோடு வந்து அவர்களைக் கொன்றான். அறுநூறு பேர் அளவில் என்று திருச்சபை நினைவு வைத்திருக்கிறது. கொன்றவனும் தமிழன், செத்தவர்களும் தமிழர்கள். மதம் மாறினவர்கள் போர்த்துக்கீசியர் பக்கம் சாய்ந்து தன் ராஜ்ஜியத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று அவன் பயந்தான். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. பிறகு போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளத்தான் செய்தார்கள். ஆனால் அந்த அறுநூறு பேரில் எத்தனை பேருக்கு லிஸ்பன் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும்? தோட்டவெளியில் இன்றைக்கும் வேதசாட்சிகளின் கோயில் நிற்கிறது. அவர்களில் ஒருவர் பேர்கூட நம்மிடம் இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம்.

அருளானந்தரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர்த்துக்கல்லில் 1647இல் ஜான் டி பிரிட்டோவாகப் பிறந்து, காவி கட்டி, மரக்கறி தின்று, மறவர் சீமையில் அலைந்தவர். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அங்கே ஒரு குடும்ப வழக்குதான் தீப்பொறி. மறவர் தலைவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, அந்தச் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவளுடைய வேதனையும் வேதனைதானே? ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்ளும் எங்கள் ஆட்கள் அவளை நினைப்பதில்லை. நான் அங்கே போகும்போதெல்லாம் அவளுக்கும் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுவேன்.

இனி டச்சுக்காரர்கள் கதை. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தை டச்சுக்காரர் பிடித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வந்துவிடும் தூரம். அதே வருஷம் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போனது. அவர்களும் கிறிஸ்தவர்களே, கால்வினைப் பின்பற்றும் சீர்திருத்த சபையினர். அவர்கள் ஆண்ட இலங்கைக் கரையோரத்தில் கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை போட்டார்கள். கோயில்களைப் பிடுங்கித் தங்கள் கோயிலாக்கிக்கொண்டார்கள். மாந்தையில் இருந்த குடும்பங்கள் 1670இல் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியதில் பிறந்ததுதான் மடுத் திருத்தலம். யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், வீட்டுக்குள் பூசைக்காகக் கூடியிருந்தவர்களை வளைத்துப் பிடித்தார்கள்.

குருவே இல்லாமல் முப்பது வருஷம் கிடந்த அந்த மக்களிடம் 1687இல் பிச்சைக்காரன் வேஷத்தில் போய்ச் சேர்ந்தவர் கோவாவின் ஜோசப் வாஸ். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் கத்தோலிக்க வீடுகளைக் கண்டுபிடித்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. டச்சுக்காரர் தேடத் தொடங்கியதும் அவர் எங்கே போனார் தெரியுமா? கண்டிக்கு, பௌத்த அரசனின் ராஜ்ஜியத்துக்கு. முதலில் அங்கேயும் போர்த்துக்கீசிய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். பிறகு அரசன் விமலதர்மசூரியன் அவருக்குக் காவலாக நின்றான். வைசூரி பரவியபோது ஊர் கைவிட்ட நோயாளிகளைத் தூக்கி வைத்துப் பார்த்தவர் வாஸ். 1711இல் கண்டியிலேயே உயிர்விட்டார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். கிறிஸ்தவன் விரட்டினான், பௌத்தன் அடைக்கலம் கொடுத்தான். துன்புறும் கிறிஸ்தவர்களுக்காகச் செபிக்க முழங்கால் போடுகிற ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தரங்கம்பாடியும் அப்படித்தான். 1706 ஜூலை 9இல் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, கடன் வழக்கு ஒன்றில் ஓர் ஏழை விதவைக்காகப் பேசியதில் தொடங்கிய தகராறில், 1708 நவம்பரில் டான்ஸ்போர்க் என்ற டேனிஷ் கோட்டைக்குள் அடைக்கப்பட்டு நாலு மாசம் கிடந்தார். அடைத்தவர் அவருடைய சொந்த சபையைச் சேர்ந்த தளபதி. லுத்தரனை லுத்தரன் அடைத்தது அது. காரைக்காலிலிருந்து பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகிறவர்கள் கடலைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பிவிட வேண்டாம். டான்ஸ்போர்க்கின் கீழ்த்தளத்து அறைகளையும் காட்டுங்கள்.

தேவசகாயம் நமக்குக் கிடைத்த பெரிய துணை. நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசில் உத்தியோகம் பார்த்தவர், டச்சுத் தளபதி டிலனாய் மூலம் விசுவாசத்தைக் கேட்டு 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர். எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பேருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் எடுத்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. எல்லா சாதிக்காரரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதும் அவர் மேல் கோபம் வர ஒரு காரணமாக இருந்தது என்று சொல்கிறார்கள். அப்படிப்பட்டவரை வணங்குகிற நம் சபையில் என்ன இருக்கிறது? திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைத் தனியாகப் புதைக்க நடுவில் சுவர் இருக்கிறது. செத்த உடம்புக்கும் சாதிச் சுவர். உலகெங்கும் துன்புறும் கிறிஸ்தவர்கள் என்று நாம் வாசிக்கும்போது அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர்களும் அதில் வருவார்கள்.

கல்லறை என்றதும் பஸ்தர் ஞாபகம் வருகிறது. சத்தீஸ்கரில் சிந்தவாடா என்ற கிராமம். 2025 ஜனவரி 7இல் ஒரு வயதான போதகர் இறந்துபோனார். தங்கள் குடும்பத்தார் புதைக்கப்பட்டிருக்கும் ஊர்க் கல்லறையிலேயே அவரைப் புதைக்க மகன் விரும்பினார். கிறிஸ்தவன் உடம்புக்கு இங்கே இடமில்லை என்று ஊர் தடுத்தது. உடல் பிணவறையில் கிடக்க, மகன் உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். ஜனவரி 27இல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்று, இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் கர்க்காபாலில் அடக்கம் செய்ய உத்தரவானது. இருபது நாள் அப்பா உடம்பை மண்ணில் வைக்க முடியாமல் ஒரு மகன் அலைந்தார். டெல்டாவில் நம் ஊர்களில் ஒரு சாவு விழுந்தால் தெருவே அடுப்புப் பற்றவைக்காது. அந்த மகனுக்காகச் செபிக்கும்போது நான் அந்த வழக்கத்தை நினைத்துக்கொள்வேன்.

தமிழ்நாட்டு ஆள் ஒருவர் மாட்டிக்கொண்டபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன். அலெக்சிஸ் பிரேம்குமார், சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த இயேசு சபைக் குரு. நம்மூர் முகாம்களில் ஈழத்து அகதிகளோடு வேலை பார்த்தவர். பிறகு ஆப்கானிஸ்தானுக்குப் போய், ஈரானிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் திரும்பி வந்த அகதிகளின் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2014 ஜூன் 2 அன்று ஹெராத் பக்கத்தில் சோஹாதாத் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவரை ஆயுதம் வைத்திருந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்போது இங்கே செபம் ‘உலகெங்கும்’ என்று இல்லை. பிரேம் சாமி என்று பேர் இருந்தது. ஹெராத் என்று ஊர் இருந்தது. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தோம். அவருக்கு அங்கே சோறு கிடைக்குமா, குளிருக்குப் போர்வை இருக்குமா என்றெல்லாம் கிழவிகள் கவலைப்பட்டார்கள். எட்டு மாசத்துக்கு மேல் ஆனது. 2015 பிப்ரவரி 22இல் விடுதலையாகி வந்தார். இந்திய அரசு பேசியது, அதிகாரிகள் உழைத்தார்கள். அதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். அவர் வந்த செய்தி கேட்டபோது எங்களுக்கு வந்த சந்தோஷம், வீட்டுப் பிள்ளை வந்த சந்தோஷம். அதற்குக் காரணம் எட்டு மாசமாகப் பேர் சொல்லிச் சொல்லி அவரை எங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டதுதான்.

ஆனால் எல்லோரும் திரும்பி வருவதில்லை. 2016 மார்ச் 4இல் ஏமனின் ஏடன் நகரில், அன்னை தெரசா சகோதரிகள் முதியவர்களைப் பராமரித்துவந்த இல்லத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து பதினாறு பேரைக் கொன்றார்கள். நாலு பேர் கன்னியாஸ்திரீகள், அதில் ஒருவர் இந்தியர். அன்றைக்குப் பிடித்துப் போகப்பட்ட கேரளக் குரு டாம் உழுன்னாலில் ஒன்றரை வருஷம் கழித்து 2017 செப்டம்பரில் உயிரோடு வந்தார். அவருக்காகச் செபித்த அதே சபைதான் அந்தச் சகோதரிகளுக்காகவும் செபித்திருக்கும். ஏன் ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று? திருத்தூதர் பணிகள் பன்னிரண்டாம் அதிகாரத்திலும் இதே கதைதான். யாக்கோபு வாளுக்குப் போனார், பேதுருவின் விலங்கு கழன்றது. இரண்டுக்கும் காரணம் சொல்லாமலேயே அந்த அதிகாரம் முடிகிறது. எனக்கும் காரணம் தெரியாது. யாக்கோபைக் கொன்றார்கள் என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டில் ராத்திரியெல்லாம் விழித்துப் பேதுருவுக்காகச் செபித்தார்கள் என்பதைப் பிடித்துக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். சவூதியில் கோயில் கட்ட அனுமதி இல்லை. அங்கே வேலை பார்க்கும் நம் பையன்கள் வெள்ளிக்கிழமை ஓர் அறையில் கூடி, சத்தம் வெளியே போகாமல் பாடிச் செபிக்கிறார்கள். அதை ரத்தசாட்சியம் என்று சொல்ல மாட்டேன், அவர்களும் சொல்வதில்லை. துபாயிலும் குவைத்திலும் இருப்பவர்கள் கோயிலுக்கே போகிறார்கள், குவைத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் பலரும் வெள்ளிக்கிழமை பூசை பார்க்கிறார்கள்.

இப்படிப் பிழைக்கப் போனவர்கள்தான் லிபியாவில் செத்த இருபத்தொரு பேரும். இருபது பேர் எகிப்தியக் கோப்திக் கிறிஸ்தவர்கள். பெரும்பாலோர் மின்யா மாகாணத்துக்காரர்கள், அதிலும் பதின்மூன்று பேர் எல்-அவுர் என்ற ஒரே கிராமம். ஒருவர் கானாவிலிருந்து வந்தவர். கட்டட வேலை செய்து ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். ஆரஞ்சுச் சட்டை மாட்டிக் கடற்கரையில் மண்டியிட வைத்துக் கழுத்தறுத்த வீடியோவை 2015 பிப்ரவரி 15இல் ஐஎஸ் அமைப்பு வெளியிட்டது. நான் அந்த வீடியோவைப் பார்த்ததில்லை; நீங்களும் பார்க்க வேண்டாம். எல்-அவுர் பற்றிப் படியுங்கள், அது போதும். மகனை லிபியாவுக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்கும் போனுக்கும் காத்திருந்த அம்மாக்களின் கிராமம் அது. பக்கத்து நிரவியிலும் எங்கள் ஊரிலும் அப்படிக் காத்திருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். எதற்காகச் செபிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் விஷயத்துக்கு வருகிறேன். “அவசர ஜெபக் குறிப்பு! ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரி குடும்பங்களுக்கு நாளை மதியம் மரண தண்டனை!” இந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். வருஷா வருஷம் வருகிறது. அந்த ‘நாளை மதியம்’ வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2007 ஜூலையில் தென்கொரியச் சபையொன்றின் இருபத்துமூன்று பேரைத் தாலிபான் பிடித்தது உண்மை. இரண்டு பேரைக் கொன்றார்கள், மற்றவர்கள் விடுதலையானார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது. எரிந்த உடல்கள் வரிசையாகக் கிடக்கும் ஒரு படம், நைஜீரியாவில் கிறிஸ்தவர்களை எரித்தார்கள் என்று சுற்றுகிறது. அது 2010இல் காங்கோவில் எண்ணெய் லாரி வெடித்துச் செத்தவர்களின் படம். இதையெல்லாம் குழுவில் எடுத்துச் சொன்னால், “எப்படியோ ஜெபம்தானே பண்றாங்க, விடுங்க” என்கிறார்கள். விட முடியாது. நைஜீரியாவில் உண்மையாகவே செத்தவர்கள் இருக்கிறார்கள். 2022 பெந்தகோஸ்து ஞாயிறு அன்று ஓவோ நகரில் சவேரியார் கோயிலுக்குள் பூசை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் குண்டு போட்டுச் சுட்டார்கள். பொய்யான படம் அவர்களுடைய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதைவிடக் கெடுதி, அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் பெட்டிக்கடை பாயை ஒரு மாதிரி பார்க்கிறார். நாகூர் ஆண்டவர் ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிப் பார்க்க வைக்கிற எதையும் செபம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மணிப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே 3இல் தொடங்கிய கலவரத்தில் நூற்றுக்கணக்கான கோயில்கள் எரிந்தன. மெய்தி இனத்துக் கிறிஸ்தவர்களின் கோயில்களும் எரிந்தன. இந்துக் கோயில்களும் தப்பவில்லை. அங்கே மெய்திக்கும் குகிக்கும் நடுவில் நிலமும் இட ஒதுக்கீடும் இனமும் பின்னிக் கிடக்கின்றன. வெறும் மதச் சண்டை என்று சொல்லிவிட்டால் நமக்குச் சுலபம், அங்கே இருப்பவர்களுக்கு உதவாது. ஒடிசாவின் கந்தமால் வேறு. 2008 ஆகஸ்ட் 23இல் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதியை மாவோயிஸ்டுகள் கொன்றார்கள். பழி கிறிஸ்தவர்கள் மேல் விழுந்தது. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வீட்டை விட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். சுவாமியின் கொலையும் கொலைதான். கந்தமாலுக்காகச் செபிக்கும்போது அவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாகிஸ்தானில் ஆசியா பீபி மதநிந்தனை வழக்கில் 2010இல் தூக்குத் தண்டனை பெற்றவர், 2018 அக்டோபர் 31இல்தான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த ஏழைப் பெண்ணுக்காக வாய் திறந்ததற்காக 2011 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டவர் பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீர், முஸ்லிம். இரண்டு மாசம் கழித்து அமைச்சர் ஷாபாஸ் பட்டி, கிறிஸ்தவர். எங்கள் செபப் பட்டியலில் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

மட்டக்களப்பை நான் தனியாக நினைப்பதுண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், ஓட்டல்கள், அதோடு மட்டக்களப்பு சீயோன் சபை. குண்டுவெடிப்புகளில் செத்தவர்கள் மொத்தம் இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். சீயோன் சபையில் குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்தியவர் ஒருவர் இருந்தார். அவர் செத்தார், உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். வெளியே முற்றத்தில் ஞாயிறு பள்ளி முடித்துத் தின்பண்டம் தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் செத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள். நாம் பாடுகிற அதே உயிர்ப்புப் பாட்டுகளைத் தமிழில் பாடிவிட்டு வந்தவர்கள்.

துன்புறுத்துகிறவர்களுக்காகச் செபிப்பது கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான். நான் அதை கிளாடிஸ் ஸ்டெயின்ஸிடமிருந்துதான் கற்றுக்கொள்ளப் பார்க்கிறேன். ஒடிசா மனோகர்பூரில் 1999 ஜனவரி 22 இரவு, வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவர் கணவர் கிரகாமையும், பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தியையும் உயிரோடு எரித்தார்கள். மன்னித்துவிட்டேன் என்று அந்த அம்மா சொன்னார். சொன்னதோடு ஊருக்குக் கிளம்பிவிடவில்லை. பாரிபதாவில் கணவர் பார்த்துவந்த தொழுநோயாளிகளோடு 2004 வரை இருந்தார். மன்னிப்புக்கு ஐந்து வருஷ வேலை இருந்தது. குற்றவாளிகளுக்குச் சட்டம் தண்டனை கொடுத்ததை அவர் தடுக்கவும் இல்லை. மன்னிப்பும் நீதியும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் அன்பியத்தில் இப்போது செய்வது ரொம்பச் சின்ன விஷயம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலையின் துயர மறையுண்மைகள் சொல்கிறோம். ஐந்து பத்துக்கு ஐந்து ஊர். ஊர் பேரை ஒரு பிள்ளை சொல்லும். அது எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடந்தது, யார் பேரைச் சொல்லப் போகிறோம் என்று இரண்டு நிமிஷம். செய்தி இரண்டு இடத்தில் சரிபார்க்கப்படாவிட்டால் அந்த ஊர் அடுத்த வாரத்துக்குப் போகும். ஓபன் டோர்ஸ் அமைப்பின் 2025ஆம் வருஷக் கணக்கில் முப்பத்தெட்டுக் கோடிக் கிறிஸ்தவர்கள் கடுமையான துன்பத்திலோ பாகுபாட்டிலோ இருக்கிறார்கள் என்று வருகிறது. அதைச் சுவரில் எழுதி வைக்கலாம், அதற்குமேல் அதை வைத்துச் செபிக்க எனக்குத் தெரியவில்லை. ஐந்து ஊர் என்றால் தெரிகிறது. வடகொரியா மாதிரி பேரே வெளியே வராத இடங்களுக்கு, பேர் தெரியாதவர்கள் என்றே சொல்லி ஒரு பத்து ஒதுக்குகிறோம். மன்னாரின் அறுநூறு பேரும் அந்தப் பத்தில் வருவார்கள். முதலில் கேள்வி கேட்ட அந்த அக்கா இப்போது ஊர் பேரைத் தப்பாகச் சொல்லும் பிள்ளைகளைத் திருத்துகிறார்.

ஒரு பேர் மட்டும் எந்த வாரமும் மாறுவதில்லை. லேயா ஷரிபு. நைஜீரியாவின் தாப்சி ஊர்ப் பள்ளிக்கூட விடுதியிலிருந்து 2018 பிப்ரவரி 19இல் போக்கோ ஹராம் பிரிவினர் நூற்றுப்பத்து மாணவிகளைத் தூக்கிப் போனார்கள். ஐந்து பேர் செத்துப்போனார்கள். மார்ச்சில் லேயாவைத் தவிர மற்றவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள்; அவர்கள்தான் லேயாவின் செய்தியை அவளுடைய அம்மா ரெபேக்காவிடம் சேர்த்தார்கள். கிறிஸ்துவை மறுத்தால் விட்டுவிடுவோம் என்றார்களாம், அவள் மறுக்கவில்லை, தனக்காகச் செபிக்கச் சொல்லி அனுப்பினாள். அப்போது வயது பதினாலு. அவள் பிறந்தது 2003 மே 14. நாங்கள் கேட்பது மூன்று விஷயம்: அவள் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும், அதுவரை ரெபேக்காவின் உடம்பும் மனசும் தாங்க வேண்டும், அவளைப் பிடித்து வைத்திருக்கிறவர்களில் ஒருவனாவது கதவைத் திறந்துவிட வேண்டும். இங்கே ராத்திரி ஏழு மணி என்றால் தாப்சியில் மதியம் இரண்டரை. உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு விளக்கேற்றுகிற பழக்கம் இருந்தால், எந்தச் சாமி முன்னால் ஏற்றினாலும் சரி, அந்தப் பேரை ஒருமுறை சொல்லுங்கள்.